மண்ணுள் மறைந்தவை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



மதிலுக்கு அத்திவாரம் வெட்ட அலவாங்கைக் கையில் எடுக்கும் ஒருவன், நிலத்தின்கீழ் யாது உளது என்பதை அறியான். முற்காலத்தில் அங்கே பெரும்பாலும் கல்லும் வேருமே இருந்தன. இக்காலத்து நகரங்களிலோ மின்வடமும் நீர்க்குழாயும் தொலைபேசிக் கம்பியும் கிடக்கின்றன. ஒரு குத்து மின்வடத்திற் பட்டால் உயிரே போய்விடும். ஆதலால், தோண்டாமலே மண்ணுள் இருப்பதை அறியும் முறைகளைப்பற்றிச் சில வார்த்தை கூற விரும்புகின்றேன்.

முதலில் ஒரு வரலாறு. 1881ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். உடலுட் புகுந்த குண்டு எங்கே உளது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியை ஆக்கிய கிரகாம் பெல், உலோகத்தை அணுகினால் ஒலி எழுப்பும் தூண்டற்றராசு என்னுங் கருவியைக் கொண்டுவந்தார். ஆயினும் குண்டு அகப்படவில்லை. நோயாளியின் படுக்கையின் கீழே உருக்குக் கம்பிகள் இருந்தன. தலைமை வைத்தியரோ குண்டு வலப்பக்கத்திலேயே உளதென நம்பி, அப்பக்கத்தையே தேடவிட்டார். செப்டெம்பர் 19இல் சனாதிபதி இறந்தபின் பார்த்தபொழுது, குண்டு இடப்பக்கத்திற் கிடந்தது! இக்கதையைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

இன்றைய முறைகள் பல. மின்வடத்தில் மின்னோட்டம் செல்லும்பொழுது அதனைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அதை மேலிருந்தே ஒரு கம்பிச்சுருள் உணர்ந்து சொல்லும். மின்னோட்டம் இல்லாத உலோகக் குழாயிலும் நாமே ஒரு மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் வழியைத் தொடரலாம். ஆனால் பிளாத்திக்குக் குழாய் இதற்கு அகப்படாது. அதனாலேயே அத்தகைய குழாயைப் புதைக்கும்பொழுது கூடவே ஒரு செப்புக்கம்பியை இடும் வழக்கம் உண்டாயிற்று.

நிலத்தை ஊடுருவும் றேடார் பிளாத்திக்கையும் காட்டவல்லது. அது மண்ணுள் அலையைச் செலுத்தி, மீண்டுவரும் எதிரொலியைக் கேட்கும். உலர்ந்த மண்ணில் அவ்வலை, ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 10 சதமமீற்றர் செல்லும். அத்தகைய 20 பங்கு நேரத்தில் எதிரொலி மீண்டால், போக 10, வர 10. ஆகவே பொருள் 1 மீற்றர் ஆழத்தில் உளது. ஈரக் களிமண்ணும் உப்புநீரும் அவ்வலையை விழுங்கிவிடும்.

சூளையிற் சுட்ட மண் காந்தத்தன்மையைத் தன்னுள் வைத்திருக்கும். 1958இல் மார்ட்டின் எயிட்கென் என்பவர் புரோத்தன் காந்தமானி கொண்டு இங்கிலாந்தில் புதைந்து கிடந்த உரோமர் காலத்துச் சூளைகளைக் கண்டார். 1946இல் அற்கின்சன் என்பவர் மண்ணின் மின்தடையை அளந்து, தூர்ந்துபோன பழைய அகழிகளைக் கண்டறிந்தார்.

இளைஞர்களே, பெல்லின் கருவி போன்றதொன்றை நம் வன்னி மண்ணும் அறியும். 2009இல் போர் ஓய்ந்தபின், அங்கே கண்ணிவெடி அகற்றும் தொழிலில் ஆண்களோடு பெண்களும் பலர் ஈடுபட்டனர். கருவி ஒலித்தால் அது வெடியோ, வெறும் ஆணியோ என அது சொல்லாது. முழந்தாளிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாக நீக்கியே அவர்கள் அறிந்தனர். ஆயிரம் முறை ஆணியே வந்தாலும், அடுத்த ஒலியையும் வெடியென்றே மதித்தல் வேண்டும். அந்தப் பொறுமையினாலேயே பல குடும்பங்கள் மீண்டும் தம் காணிகளில் உழுதன.

கருவி தருவது குறி, முடிவன்று. குறி இல்லையென்பது பொருள் இல்லையென்பதும் அன்று. கார்பீல்டின் வைத்தியர் தம் நம்பிக்கையைச் சோதிக்க மறுத்தார்; தேடாத பக்கத்திற் குண்டு கிடந்தது. ஆகையால், அலவாங்கை ஓங்குமுன் நிலப்படத்தைக் கேளுங்கள்; கருவியாற் பாருங்கள்; அதன்பின்னும் முதற் கிடங்கைக் கையால் மெல்ல வெட்டுங்கள். "எனக்குத் தெரியும்" என்பவனிலும் "பார்ப்போம்" என்பவனே மண்ணுள் மறைந்ததைக் காண்பான்.