மின்சிக்கனம்: சுமை யார் தலையில்?



கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் மின்சிக்கனத் தரம் வகுக்கும் அதிகாரத்தை, 2001ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றிய அரசுக்கு அளித்தது. தரம் தேவையே, ஒரு மோட்டார் தன் ஆயுளில் விழுங்கும் மின்சாரத்தின் செலவு, அதன் விலையைக் காட்டிலும் பன்மடங்கு.

ஆனால் பயன் யாருக்கு? 2012இல் தொடங்கிய 'பாட்' திட்டத்தின்கீழ், இலக்கை விஞ்சிச் சேமிக்கும் பேராலைகள் சான்றிதழ் பெற்றுச் சந்தையில் விற்கின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கார்பன் வணிகத்துக்கும் வழி திறந்தது. சிறுபட்டறையோ புதிய மோட்டாருக்கு முதலின்றி, எரிந்துபோன பழையதற்கே மீண்டும் காயில் கட்டி ஓட்டுகிறது. கூடும் மின்செலவு இறுதியில் தொழிலாளியின் கூலியையே அரிக்கிறது.

தரத்தை எதிர்ப்பதல்ல நம் பணி. சிறுதொழில்களுக்குப் பொதுத்துறை வங்கிகளின் குறைந்த வட்டிக் கடன், பழைய மோட்டாரை மாற்ற அரசு மானியம், சேமிப்பில் தொழிலாளிக்குப் பங்கு: இவற்றைத் தொழிற்சங்கக் கோரிக்கைகளாக்கிப் போராடுவோம்!