எழுதாத தமிழ் எண்ணப்படாது

(தேவகோட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசியில் ஒரு சொல்லை எழுதத் தொடங்குகின்றீர்கள். இரண்டெழுத்து இடுவதற்குள் விசைப்பலகையின் மேல்விளிம்பில் சில சொற்கள் வந்து நிற்கின்றன. 'நன்' என்று இட்டால் நன்றி, நன்று, நன்மை எனக் காட்டி, எது வேண்டும் என்று கேளாமற் கேட்கின்றது அக்கருவி. தொட்டால் போதும், சொல் முழுமையாகும். இதனைச் சொற்பரிந்துரை என்கின்றோம். உழைப்பைக் குறைக்கும் நல்லதோர் ஏந்தே இது. ஆயினும், அச்சொற்களைத் தெரிந்து நிறுத்துபவர் யார் என்று நம்முள் எத்தனைபேர் எண்ணிப் பார்த்தோம்?

கருவிக்குத் தமிழ்ப்பற்றும் இல்லை, தமிழ்ப்பகையும் இல்லை. அஃது அறிந்தது எண்ணிக்கை ஒன்றே. மக்கள் எழுதிக் குவித்தவற்றைத் திரட்டி, எச்சொல் எத்தனை முறை வந்தது, எச்சொல்லின் பின் எச்சொல் மிகுதியாக வந்தது எனக் கணக்கிட்டு வைத்துள்ளது. நாம் நாடோறும் எழுதுவதையும் கற்றுக்கொள்கின்றது. 'காலை' என எழுதி 'வணக்கம்' எனத் தொடர்வார் மிகுந்தால், காலைக்குப் பின் வணக்கத்தைத் தானே நீட்டும். 'குட்' என எழுதி 'மார்னிங்' எனத் தொடர்வார் மிகுந்தால் அதனையே நீட்டும். காட்டிய சொல்லை நாம் தொடுகின்றோம். தொட்ட சொல் மேலும் எண்ணிக்கை பெறுகின்றது. எண்ணிக்கை பெற்றது மீண்டும் முன்னே வருகின்றது. இச்சுழலில் அகப்படாத சொல் பின்னே தள்ளப்பட்டு, நாளடைவில் கண்ணிலேயே படாமற் போகும்.

நம் மண்ணையே சான்றாகக் கொள்வோம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்ற இப்பகுதி வணிகர், கடல் கடந்தும் தம் கணக்கைத் தமிழிலேயே எழுதினர். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்பன அவர்தம் பெட்டியடியில் புழங்கிய சொற்கள். அவர் பெயரரோ இன்று 'பேலன்ஸ் சீட்' என்று எழுதுகின்றார். ஐந்தொகையை எவரும் எழுதாவிடின் கருவி அதனை எங்ஙனம் அறியும்? எங்ஙனம் காட்டும்? குற்றம் கருவியினதா, நம்முடையதா?

மற்றொன்று, தமிழாசிரியர் யாவரும் அறிந்தது. கருவி தருவது பெரும்பாலும் தனிச்சொல். 'தமிழை' என்பதைத் தொட்டு, அடுத்துக் 'கற்போம்' என்பதைத் தொட்டால், 'தமிழை கற்போம்' என்றே நின்றுவிடும். இரண்டாம் வேற்றுமை விரியில் வலி மிகும் என்று அறிந்த மாணவனும் பின்சென்று ககர ஒற்றை இடுவதில்லை. விரல் பழகிய பிழை விடைத்தாளிலும் ஏறுகின்றது.

இலக்கணத்தைக் கருவிக்குள் ஏற்ற இயலாதோ எனின், இயலும், முன்னரே இயன்றிருக்கின்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகித் தமிழக அரசின் ஏற்பைப் பெற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். உயிர் 12, மெய் வரிசை 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளுக்கே விசைகள். ககர விசையை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தின் பின் ககரமும், ஞகரத்தின் பின் சகரமும் வரினும் அவ்வாறே. நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் இனவெழுத்து அங்கே பொறியாகி நிற்கின்றது! மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழெழுத வழிதிறந்தது.

சொற்பரிந்துரைக்கும் இதுவே நெறி. ஆங்கில வினைக்கு வடிவங்கள் மிகச் சில. நம் 'படி' என்னும் பகுதியோ படித்தான், படிக்கின்றோம், படித்தவர்களுக்கு, படிக்காவிட்டாலும் என விரிந்துகொண்டே செல்லும். அனைத்தையும் பட்டியலிட்டு மாளாது. பகுதி, இடைநிலை, விகுதி எனப் பகுத்துக் காணக் கருவிக்குக் கற்பித்தாலன்றித் தமிழ்ப் பரிந்துரை செவ்வனே அமையாது. தேர்வுச் சுமை என்று நம் பிள்ளைகள் வெறுக்கும் பகுபத உறுப்பிலக்கணம், இன்று கணிப்பொறியாளர் கற்கவேண்டிய கலை!

சொல்வளத்துக்கும் குறைவில்லை. பாவாணர் 1974-இல் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி, 2011-இல் 31 பகுதிகளாக நிறைவுற்றது. அவ்வியக்ககம் சொற்குவை என்னும் தளத்திலும் கலைச்சொற்களைத் திரட்டி வைத்துள்ளது. பேழையில் பூட்டிய பொன்போல் அவை கிடக்கலாமா?

ஆதலின் மூன்று பணிகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: கைப்பேசியில் நாமே சொல் சேர்க்கும் தனிப்பட்டியல் உண்டு. கிழமைக்குப் பத்து நற்றமிழ்ச் சொற்களை அதில் ஏற்றுங்கள்.

இரண்டு: செயலி படைக்கும் இளைஞர்களே! ஊர், தொழில், பொருள் எனக் கட்டங்களை அமைத்துப் பரிந்துரை சேர்க்கும்போது தமிழ்ப் பட்டியலை முதலில் இணையுங்கள். 'தே' என்றதும் தேவகோட்டை தமிழெழுத்தில் வரவேண்டும். ஒருங்குறியில் 'தே' என்பது தகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டாய் நிற்கும். அதனைப் பாதியில் வெட்டாது முழுவெழுத்தாகவே கொள்ளுங்கள். எழுதுவோர் லகர ளகர ழகரங்களில் மயங்கினும் திருந்திய சொல்லையே காட்டுங்கள். தமிழில் இட்டால் வாய்திறவாத கட்டம், தமிழனை வெளியே நிறுத்திய கதவாகும்!

மூன்று: தமிழைத் தமிழெழுத்திலேயே எழுதுங்கள். அம்மாவுக்கு விடுக்கும் ஒருவரிச் செய்தியாயினும் ஆங்கில எழுத்தில் வேண்டா.

எண்ணிக்கை அரசாளும் இடத்தில் எழுதாத தமிழ் எண்ணப்படாது. எண்ணப்படாத தமிழ் காட்டப்படாது. காட்டப்படாத தமிழை நாளைய குழந்தை அறியாது. இன்றே எழுதத் தொடங்குவோம்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!