ஷெட்டில் நிற்கும் பியூக் கார்: விற்பதா, வைத்திருப்பதா?

(நமது ஆஸ்பத்திரியின் ஸ்தோத்திர ஆராதனைக்குப்பின் நடந்த ஆதரவாளர் கூடுகையில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

கர்த்தருக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

கடந்த ஓராண்டு முழுவதும் உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த ஊழியத்தைத் தாங்கினீர்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்தரிக்கிறோம்.

இன்று ஒரு காரைப்பற்றிப் பேசப்போகிறோம். ஆஸ்பத்திரி கூட்டத்தில் காருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த ஒரு காரியத்தைப்பற்றி எங்களுக்கு வந்த கடிதங்கள் வேறெந்தக் காரியத்தைப்பற்றியும் வந்ததில்லை. ஆகவே ஒளிவுமறைவின்றி உங்கள் முன் வைக்கிறோம்.

நம் ஆஸ்பத்திரியின் பழைய மோட்டார் ஷெட்டில் நிற்கும் கறுப்பு பியூக் காரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 1947-ஆம் ஆண்டு வண்டி. வரிசையாக எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். ஆறு வோல்ட் பாட்டரி. அக்காலத்தில் ராஜாக்களும் ஜமீன்தார்களும் பெரிய எஸ்டேட் துரைமார்களும் வைத்திருந்த கார். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு கனவான் 1956-இல் இந்தியாவை விட்டுப் புறப்படும்போது இதை நமக்குத் தந்தார். அவர் எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் கடிதம் இன்றும் அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வியாதியஸ்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்காக இந்த வண்டியைத் தருவதாக அதில் அவர் எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தப் பகுதியில் இதுவே ஆம்புலன்ஸ். பின் சீட்டில் மெத்தை விரித்துப் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும் பாம்பு கடித்தவர்களையும் கொண்டுவந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் மாட்டுவண்டியிலும் பின்பு மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார்கள் அல்லவா? மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு மோட்டார் வண்டி ஆடம்பரமாக வரவில்லை. எட்டாத கிராமங்களுக்கு எட்டுவதற்காகவே வந்தது.

அதன்பின் ஜீப் வந்தது, வேன் வந்தது. பியூக் ஷெட்டுக்குப் போயிற்று. அப்போதிருந்து நாங்கள் செய்ததை வெட்கத்தோடு சொல்கிறோம். ஆண்டு விழாவுக்குத் துடைத்து மெருகேற்றினோம். முக்கியமானவர்கள் வந்தால் அதில் ஏற்றி ஊர்வலம் விட்டோம். குழு அங்கத்தினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு மணமக்களை அழைத்துவரக் கொடுத்தோம். இந்த இதழின் அட்டையில் அதன் படத்தை இரண்டு தரம் போட்டோம். மூன்று ஆண்டுகளுக்குமுன் அதைச் செப்பனிடவென்றே உங்களிடம் விண்ணப்பமும் வைத்தோம்.

செப்பனிட ஆரம்பித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஓடாமல் நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிட வேகமாய்க் கெடும் என்று மெக்கானிக் சொன்னார். பெட்ரோல் டாங்கி உள்ளே துருப்பிடித்திருந்தது. ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தன. வயர்களை எலி கடித்திருந்தது. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பரும் வாஷர்களும் இன்னும் சீக்கிரம் கெடுமாம். உதிரிபாகங்களை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ரேடியேட்டருக்கும் டிங்கரிங் வேலைக்கும் கொஞ்சம் செலவிட்டபின், நிறுத்திவிட்டு யோசித்தோம்.

வைத்திருக்க வேண்டும் என்றவர்கள் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் அது சாதாரணமான வாதமல்ல. நமது முன்னோடிகள் பட்ட பாட்டுக்குச் சாட்சியாய் நிற்பது இதுதான், பிள்ளைகளுக்குக் காட்ட வேறென்ன இருக்கிறது என்றார்கள். ஒரு மூத்த சகோதரர் பெத்தானியாவில் மரியாள் ஊற்றிய பரிமளதைலத்தை நினைப்பூட்டினார். அதை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கலாமே என்று சொன்னது யார்? யூதாஸ். ஆண்டவர் அவன் பக்கம் நிற்கவில்லை. விலைபோட்டுப் பார்க்கக்கூடாத காரியங்களும் உண்டு என்றார் அவர். அந்தக் கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் ஜெபித்தோம். அப்போது இரண்டு காரியங்களைக் கவனித்தோம். மரியாள் ஊற்றியது அவளுடைய சொந்தத் தைலம். நாமோ மற்றவர் கொடுத்ததன் உக்கிராணக்காரர். இரண்டாவது, வேதத்தில் இன்னொரு பொருளும் உண்டு. வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கல சர்ப்பம் ஜனங்களைப் பிழைக்கப்பண்ணியது. அதைப் பத்திரமாய் வைத்திருந்தார்கள். எசேக்கியா ராஜாவின் காலத்திலோ ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதை உடைத்துப்போட்டான். சுகம் கொடுத்த பொருளானாலும், அதன் வேலை முடிந்தபின் அது நம் கண்ணைத் தன்பக்கம் இழுத்தால் ஆபத்துதான்.

பிற சபையார் செய்ததையும் பார்த்தோம். 1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு வந்த போப் ஆறாம் பவுல், அங்கே தாம் பயன்படுத்திய லிங்கன் கான்டினென்டல் காரை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறிப் போகவில்லை. சீட்டுக் குலுக்கல் நடத்தி அதைப் பணமாக்கினார்கள். அந்தப் பணம் மேற்கு வங்காளத்தில் குஷ்டரோகிகளுக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குப் போயிற்று. போப் பிரான்சிசுக்கு 2017-இல் பரிசாய் வந்த லம்போர்கினி கார் மறு ஆண்டு ஏலத்தில் 7 லட்சத்து 15 ஆயிரம் யூரோவுக்குப் போயிற்று. ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவர்களுக்கு வீடு கட்டுவது முதலான காரியங்களுக்கு அது உதவியது. கொடுத்தவரை அவமதித்ததாக யாரும் சொல்லவில்லை.

முடிவில் எங்களைத் தீர்மானத்துக்குக் கொண்டுவந்தது அந்த இரும்புப் பெட்டிக் கடிதமே. வியாதியஸ்தரைக் கொண்டுவர என்று எழுதியிருக்கிறதே, மறுபடி ஓட்டலாமா என்று விசாரித்தோம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென ஒழுங்கு வந்திருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டு, பழைய உருவம் மாறாத வண்டிகளை அப்படிப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது. விதி இல்லாவிட்டாலும், இருதய நோயாளி ஒருவரை இந்தக் காரில் ஏற்ற இன்று எந்த டாக்டர் சம்மதிப்பார்?

ஆகவே இந்த வண்டி இனி வியாதியஸ்தரைச் சுமக்காது. வைத்திருந்தால் காரைக் காப்பாற்றுவோம், கடிதத்தைக் கைவிடுவோம். விற்றால் கார் போய்விடும், கடிதம் நிறைவேறும்.

எப்படி நிறைவேறும்? தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அவசர ஆபத்தில் கிடப்பவரை அது இலவசமாய்க் கொண்டுவருகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒவ்வொரு தரமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். சிகிச்சைச் செலவுக்குப் பலருக்கு அரசுக் காப்பீடு கைகொடுக்கிறது. வந்துபோகும் ஆட்டோ கூலிக்கு யார் கொடுப்பார்? கடைசி பஸ் போனபின் மயக்கத்தோடு வராந்தாவில் படுத்திருப்பவர்களை நாங்கள் பார்க்கிறோம். கூலிக்குப் பணமில்லாமல் ஒரு முறையைத் தவறவிட்டு, மறுமுறை மூச்சுத்திணறலோடு வருகிறவர்களையும் பார்க்கிறோம். இவர்களுக்கு ஒரு வேன் வேண்டும். பியூக் செய்த வேலை இதுதான்.

நம் பிரசவ வார்டில் ஆயாவாக இருக்கும் ஒரு சகோதரி 1969-இல் ஆற்றுப் பாலத்தின்மேல் இந்தக் காரின் பின் சீட்டில் பிறந்தவர். தீர்மானம் எடுக்குமுன் அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு அவர் சொன்னார்: "வித்துடுங்க ஐயா. அன்னிக்கு ராத்திரி மழையில வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தது டிரைவர் அண்ணன்தான்னு எங்கம்மா சொல்லும். அவர் பேரு எங்கேயும் எழுதியிருக்கலியே, அதை மட்டும் எழுதி வைங்க."

நாங்கள் தலைகுனிந்தோம். காருக்கு எத்தனையோ தரம் மெருகேற்றிய நாங்கள், அதை ஓட்டிய மனுஷருக்கு ஒரு பலகைகூட வைக்கவில்லை.

காரை விற்பது என்று குழு தீர்மானித்திருக்கிறது. ஒருமனதாக அல்ல, இரண்டு பேர் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய மறுப்பும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. காரைத் தந்தவரின் குடும்பத்தாருக்கு எழுதினோம். தடையில்லை, நோக்கம் மட்டும் மாறவேண்டாம் என்று பதில் வந்தது.

விற்பனை முறையையும் சொல்லிவிடுகிறோம். குலுக்கல் நம் சபை ஒழுங்குக்கு ஒவ்வாது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடையும் இருக்கிறது. ஆகவே முத்திரையிட்ட உறைகளில் விலை கேட்கிறோம். பழைய கார்களை அறிந்த இரண்டு பேர் தனித்தனியே மதிப்பிட்டு, குறைந்தபட்ச விலையை வைப்பார்கள். குழு அங்கத்தினர், ஊழியர், அவர்களுடைய உறவினர் யாரும் விலை கேட்கக்கூடாது. வரும் பணம் தனிக் கணக்கில் போகும். வேனுக்கும் ஏழை நோயாளிகளின் பிரயாணச் செலவுக்கும் தவிர வேறொன்றுக்கும் எடுக்கமாட்டோம். தணிக்கைக்குப்பின் கணக்கு இந்த இதழில் வரும்.

காரைச் செப்பனிடக் காணிக்கை அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. செலவானதுபோக மீதி பாங்கியில் அப்படியே இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் வரும். உங்கள் பங்கைத் திரும்பப் பெறலாம், அல்லது வேனுக்கு மாற்றச் சொல்லலாம். நீங்கள் சொல்லாமல் நாங்கள் மாற்றமாட்டோம்.

காலியாகும் ஷெட்டில் டயாலிசிஸ் நோயாளிகள் வேனுக்குக் காத்திருக்க பெஞ்சுகள் போடுவோம். சுவரில் அந்தக் கடிதத்தின் பிரதியும், காரின் படமும், அதன்கீழே அதை ஓட்டிய மூன்று டிரைவர்களின் பெயர்களும் இருக்கும்.

நேர்மையான ஒருவர் கையில் இந்தக் கார் போய்ச்சேரவும், தாமதமின்றி வேன் வரவும், மனம் ஒவ்வாத அந்த இரண்டு சகோதரரோடு எங்கள் ஐக்கியம் குறையாதிருக்கவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்களில் யாருக்காவது இன்னும் மறுப்பு இருந்தால், உறைகள் திறக்கப்படுமுன் எங்களுக்கு எழுதுங்கள், கட்டாயம் வாசிப்போம்.

கர்த்தருடைய நாமத்துக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.