பாறை நிலத்துப் பூமரங்கள்



செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்கு அணித்தாகச் சீயமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்குள்ள பாறையைக் குடைந்து, அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். அக்குடைவரையைக் காண்பதற்காகவே ஒரு சித்திரை மாதத்தில் நான் அங்குச் சென்றேன். ஆனால், திரும்பி வரும்போது என் நெஞ்சில் நிறைந்திருந்தது ஒரு மரம். பாறை தணலாய்க் காய்ந்த அந்த வெயிலில், இலைகளை உதிர்த்துவிட்டுப் பொன்மாலைகளைத் தொங்கவிட்டு நின்றது சரக்கொன்றை. அதற்கு நீர் ஊற்றியவர் எவர்?

இக்கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டுதான் நான் ஆசையோடு வைத்த குரோட்டன்சும் சீமை ரோஜாவும், பங்குனியிலேயே கிணறு வற்றியதனால் கருகிப்போயின. பூச்செடி விற்றவரைக் குறை கூறுவதற்கில்லை. மண்ணையும் மழையையும் எண்ணிப் பாராதவன் நானே.

நம் தோட்டங்களில் அழகு செய்பவற்றுள் வந்தேறிகள் பல. கோடையில் செவ்வண்ணக் குடை விரிக்கும் குல்மோகர் மடகாஸ்கர் தீவிற்குரியது. காகிதப்பூ தென்னமெரிக்காவினின்று வந்தது. சிவன் கோயில்களிலே வளர்ந்து நம்முடையதாகவே ஆகிவிட்ட நாகலிங்க மரமுங்கூட அக்கண்டத்தினின்றே வந்தது! வந்தவற்றை வெறுக்க வேண்டுவதில்லை. மிளகாயை வெறுத்தால் நம் குழம்பு என்னாவது? ஆயினும், அழகுக்கென்று கொணர்ந்த உண்ணிச்செடி இன்று நம் காடுகளைக் கவ்விப் பிற செடிகளை நெருக்குவதை மறத்தலாகாது.

கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிக் கூறினார். அவற்றுள் காயா ஒன்று. திருமாலின் நிறத்திற்கு உவமையாக அதனைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சீயமங்கலத்துக் கரட்டில் நான் ஒரு புதரைக் கண்டு வியந்து நின்றேன். கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப்பூ. இலையோ தடித்துப் பளபளத்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “இது காசாஞ்செடி, ஐயா. இது தெரியாதா உமக்கு?” என்று கேட்டார். கல்லூரியில் காயாவை விளக்கி உரை எழுதியவன் நான். காட்டில் அதனை அறிந்தவர் அவர்! அதன் இலையிலிருந்து மஞ்சட்சாயம் எடுப்பதுண்டு.

அக்கரட்டில் வெட்பாலையும் இருந்தது. வெண்ணிறப் பூக்களும், இரட்டையாகத் தொங்கும் நீண்ட காய்களும் அதன் அடையாளம். சன்னபட்டணத்து மரப்பொம்மைகளை இம்மரத்தின் மென்மையான கட்டையில் கடைவதுண்டு. சற்று ஈரமுள்ள வீட்டுப் புறத்திற்கு மகிழும் பூவரசும் ஏற்றவை. மகிழம்பூ உலர்ந்த பின்னும் மணக்கும்; ஆனால், மரம் மெல்லவே வளரும். பூவரசின் போத்தை வெட்டி நட்டாலே போதும். வேலியோரத்தில் மழைக்காலத்தே செந்தீப்போல் மலரும் காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை நடாதிருப்பதே நலம்.

கொன்றை வளர்க்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அதன் விதைத்தோல் மிகக் கடினமானது. அப்படியே புதைத்தால் நெடுநாள் முளையாது. விதையின் ஓரத்தைக் கல்லில் சற்றுத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். ஐப்பசி மழையின் தொடக்கத்தில் நாற்றை நட்டு, முதலிரண்டு கோடைகள் மட்டும் நீர் ஊற்றினால் போதும். சிலவேளை பச்சைப்புழுக்கள் இலைகளைத் தின்னும். மருந்து தெளித்துவிடாதீர்கள்! அவையே சில நாட்களில் இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறக்கும்.

செடியைக் காட்டிலிருந்து பிடுங்கி வருதல் தகாது. விதை மட்டும் எடுத்து வாருங்கள். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் நிலத்திற்குமாக இக்காடுகள் குறைந்து, பல இடங்களில் கோயிற்காடுகளாகவே எஞ்சியுள்ளன. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் ஒன்று. வாய்ப்பு நேரும்போது அங்குச் சென்று காயாவைக் கண்ணாரக் காணுங்கள்.

மூதாட்டி பறித்துக் கொடுத்த பழங்களிலிருந்து நான் இட்ட விதைகளில் மூன்று முளைத்தன. அவற்றுள் ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்ற இரண்டும் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கின்றன, இன்னும் பூக்கவில்லை.