நடத்தாமல் விட்ட பாடம்

தோழர்களே,

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அதை யாரும் நடத்தவில்லை. "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் அம்மாவிடம் நாம் எதைக் கேட்டிருக்க முடியும்? காலனிப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

இந்த அறிவை ஆபாசம் என்று சொல்லி அடைப்பது பழைய கதை. வாசகர்களின் பாலியல் சந்தேகங்களுக்கு 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழில் பதில் எழுதிய ஆர்.டி. கார்வே மீது வழக்குப் போட்டார்கள். 1934இல் பம்பாயில் அவருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். வழக்கு தோற்றது. 1938இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு அண்ணல் தயாரித்த கர்ப்பத்தடைத் தீர்மானமும் தோற்றது. அவர் தோற்ற இடத்திலிருந்துதான் நாம் தொடர வேண்டும்.

மாதவிடாயையும் நம்மையும் ஒரே சொல்லால்தான் ஒதுக்கினார்கள்: தீட்டு. பள்ளியில் நாப்கின் தருவதால் மட்டும் அந்தச் சொல் சாகாது. ரத்தம் ஏன் வருகிறது, கரு எப்படி உண்டாகிறது, வளரும் வயதில் கர்ப்பமானால் ரத்தசோகையும் வலிப்பும் உயிரை எப்படி வாங்கும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருடையது என்பதையெல்லாம் பையன்களையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களோடு சேர்ந்து நாம் ஒரு கேள்வி கேட்போம்: "அந்தப் பாடத்தை நடத்திவிட்டீர்களா?"

கற்பி என்பதுதானே நம் முதல் முழக்கம்.

ஜெய்பீம்.