கைக்காசும் கேமராவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன் நான். "மிர்ரர்லெஸ் கேமரா வாங்கறதப் பத்திப் பேசுங்க" என்றார் நம் செயலாளர். காரணம் இருக்கிறது. போட்டோ கிளப் மாணவர்கள் சிலர் படிக்கும்போதே கல்யாண ஆர்டர் எடுத்து ஃபீஸ் கட்டுகிறார்கள். அதில் ஒரு தம்பி, அம்மாவின் வளையலை அடகு வைத்து இரண்டு லட்சத்துக்கு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கப் போவதாகச் சொன்னார். அந்த வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும் என்றுதான் இன்று மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் காலத்து எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கும். பட்டனை அமுக்கினால் 'டக்'கென்று மேலே போகும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சாரில் விழுவதை நேராகத் திரையில் காட்டினால் மிர்ரர்லெஸ். 2008-ல் பானசோனிக் ஜி1, 2013-ல் சோனி ஏ7 வந்தன. 2018-ல் நிகானும் கேனானும் ஃபுல் ஃப்ரேமில் இறங்கின. எடுக்கும் முன்பே வெளிச்சம் சரியா என்று கண்ணில் தெரிந்துவிடும். ஊட்டி இந்து ஃபிலிமில் 36 படம் எடுத்துவிட்டு, கழுவி வரும் வரை வயிற்றில் புளியைக் கரைத்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்!

சரி, காசுக்கு வருவோம். கையில் அறுபது, எழுபது ஆயிரம்தான் என்றால் சின்ன சென்சார் போதும். கேனான் ஆர்50, நிகான் இசட்30, சோனி இசட்வி-இ10 எல்லாம் இந்த வகை. பின்னவை இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. மத்தியான வெயிலில் திரை தெரியாமல் தவிப்பீர்கள். வீடியோவுக்கு ஓகே, போட்டோதான் வேலை என்றால் வியூஃபைண்டர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கூடவே வருகிற கிட் லென்ஸ் பகலில் நல்லாத்தான் எடுக்கும். ராத்திரி ரிசப்ஷனில் ஜூம் பண்ணினால் சிலவற்றில் எஃப் 6.3-க்குப் போய்விடும். எஃப் 1.8 லென்ஸில் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் வரும். ஐ.எஸ்.ஓ. 6400 கேட்கிற இடத்தில் சுமார் 500 போதும். முகத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி வராது. கேனானின் 50 எம்.எம். 1.8 மலிவானது. ஆனால் சின்ன சென்சாரில் அது 80 எம்.எம். மாதிரி வேலை செய்யும். மணப்பெண் முகத்துக்கு அருமை. குடும்ப குரூப் போட்டோவுக்கு நீங்கள் மண்டபத்துக்கு வெளியே போய் நிற்க வேண்டும்!

லட்சத்துக்கு மேலே கொஞ்சம் புரட்ட முடிந்தால், பாடியை மாற்றாதீர்கள். சிக்மா 18-50, எஃப் 2.8 வாங்குங்கள். ஜூமின் எந்த முனையிலும் 2.8 நிற்கும். எடை சுமார் 300 கிராம்தான். சோனிக்கும் ஃப்யூஜிக்கும் முன்பே இருந்தது, 2024-ல் கேனானுக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், முதலில் லென்ஸ் பட்டியலைப் பார்க்கணும், அப்புறம்தான் பாடி.

அப்போ ஃபுல் ஃப்ரேம் வேண்டாமா? வேண்டும், ஆனால் பெயருக்காக இல்லை. கல்யாணத்துக்கு அவசியம் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி. ஒரு கார்டு செத்துப்போனால், "இன்னொரு தடவை தாலி கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? கேனான் ஆர்8 ஃபுல் ஃப்ரேம்தான், ஒரே கார்டு. அதே கம்பெனியின் ஆர்7 சின்ன சென்சார், இரண்டு கார்டு. நிகான் இசட்5 ஃபுல் ஃப்ரேம், அதிலும் இரண்டு கார்டு. முகூர்த்தம் எடுக்கிற அளவுக்கு ஆர்டர் வரும் வரை, அந்த ஒரு நாளுக்கு இப்படி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். வாடகையை ஆர்டர் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாம். ஆறு மாதம் இப்படி ஓட்டினால் எந்த கேமரா உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்றும் தெரிந்துவிடும்.

வேடந்தாங்கலுக்குப் போகிற பறவைப் பிரியர்களுக்குச் சின்ன சென்சார்தான் லாபம். கேனான் 100-400 அதில் 640 வரை எட்டும். விடியற்காலை வெளிச்சத்துக்கு மட்டும் கொஞ்சம் திணறும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பீரோவில் தூங்கும் பழைய நிகான் லென்ஸை அடாப்டர் போட்டு இசட் கேமராவில் மாட்டலாம். ஆனால் எஃப்.டி.இசட். அடாப்டரில் மோட்டார் இல்லாததால் 50 எம்.எம். 1.8டி போன்றவற்றைக் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். ஏ.எஃப்.-எஸ். வகை தானாக வேலை செய்யும். மாட்டும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிற தம்பிகளும் இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வாங்கியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையிலேயே மாதக்கணக்கில் அடைத்து வைக்காதீர்கள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, மேடையில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். என் பையில் இரண்டு பாடி, நாலு லென்ஸ் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு இயற்பியல் துறை வராந்தாவுக்கு வாருங்கள், மாட்டிப் பார்க்கலாம். வளையல் தம்பி முதலில் வரட்டும்.