கட்டைவிரல் பட்ட பாடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"அறிவியல் முன்னேற்றமும் தமிழர் வாழ்வும் என்னும் பொருள் பற்றிப் பேச வேண்டும்" என்று செயலாளர் என்னைப் பணித்தார். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ரயில் நிலையச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து சீட்டு விற்கும் எழுத்தன். இவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றினால் என் கழுத்து தாங்காது என்றேன். "அப்படியானால் உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். ஆகவே கட்டைவிரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் தங்கவயலுக்கு விஞ்ஞானம் புதிய விருந்தாளி அன்று. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடி 1902-ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகத்தின் மிக நீண்ட மின்பாதைகளுள் அஃது ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். இதை என் மகளிடம் மார்தட்டிச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்பா, அப்போது நம் கொள்ளுத்தாத்தா வீட்டில் விளக்கு எரிந்ததா?" தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மின்சாரம் வந்தது சுரங்கத்தின் எந்திரங்களைத் தேடி. மூங்கில் தட்டி வீட்டில் படுத்திருந்த கூலியாளைத் தேடி அன்று. 1894-இல் மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்ததும் அவ்வாறே. சுரங்கத்துக்காகப் போட்ட தண்டவாளம், சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகளை விடியுமுன் பெங்களூருக்கு வாரிக்கொண்டு போய், இருட்டியபின் கொண்டுவந்து கொட்டுகிறது.

நிற்க. விரலுக்கு வருவோம்.

1930-ஆம் ஆண்டு, சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் அவர் அதைச் சொல்லும்போது குரல் தடிக்கும் என்று அப்பா கூறுவார். "ரேகை எடுப்பது திருடனிடத்தில். நாம் எதைத் திருடினோம்?" என்பதே அவர் கேள்வி. அது வெறும் பிடிவாதம் என்று நான் எண்ணவில்லை. கைரேகையைக் கொண்டு குற்றவாளியைப் பிடிக்கும் முறைக்கென 1897-இல் கல்கத்தாவில் ஒரு தனி அலுவலகமே தொடங்கினார்கள். அந்த முறையை உருவாக்கப் பாடுபட்டவர்கள் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் நம் நாட்டார் இருவர். முறைக்கு வழங்கிய பெயரோ அவர்களின் மேலதிகாரி ஹென்றியின் பெயர். அதற்கும் முன்னே, 1858-இல், வங்காளத்தில் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட ஒருவரின் உள்ளங்கையையே பத்திரத்தில் பதிப்பித்துக்கொண்டார். பின்னாளில் சொன்ன சொல்லை மாற்றாதிருக்க அஃது ஓர் அச்சுறுத்தல். இவ்வாறு விரலுக்கும் நம்பிக்கைக்கும் தொடக்கத்திலேயே பகை.

இன்று யாரும் வேலைநிறுத்தம் செய்வதில்லை. 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் ஒரு சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கினார்கள். அதன்பின் நாம் எல்லோரும் வரிசையில் நின்று பத்து விரலையும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டு வந்தோம். நானும் கொடுத்தேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் சென்று கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் தந்தையாரும் கொடுத்தார். அன்று இயந்திரம் எப்படியோ ஏற்றுக்கொண்டது. அவர் 1970 முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடும்வரை, நிலத்தடியில் பாறை துளைத்தவர். ஓய்வூதியம் வருகிறது, அதன் தொகையைச் சொன்னால் இங்குள்ள தாய்மார்கள் அது ஒரு வாரக் காய்கறிக்கு ஆகுமா என்று கேட்பார்கள். அந்தத் தொகையைப் பெறவும் ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடிருப்பதாக அவர் மெய்ப்பிக்க வேண்டும். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம்.

வலக் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. "நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள் பெரியவரே" என்றார் அங்கிருந்த இளைஞர். வேட்டியில் துடைத்து வைத்தார். சிவப்பு. பின்னால் நின்ற அம்மையார் ஒருவர், தலைமுடியில் தேய்த்து வைத்தால் எண்ணெய்ப் பசையில் பதியும் என்றார். அப்பாவின் தலையிலோ தேய்க்க அதிகம் இல்லை. என் தலையில் தேய்த்தார். சிவப்பு. பத்து விரலும் முடிந்தன. கல்லும் துளைக்கருவியும் முப்பதாண்டு தின்ற கையில் ரேகை எங்கிருந்து வரும்? மிச்சமிருந்ததை முதுமை வழித்துக்கொண்டது. அந்த இளைஞர் நல்லவர்தாம். கணினியைப் பார்த்தபடியே, "ஒத்துப்போகவில்லை என்று வருகிறது" என்றார்.

அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "தம்பி, ரேகையெல்லாம் எட்டாயிரம் அடிக்குக் கீழே கெடக்குது. மெஷின அங்க எறக்கிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்தபின் அவர் என்னோடு பேசவில்லை. பேருந்தில் ஏறியதும், "இப்ப எறக்கவும் முடியாது; தண்ணி நிரம்பிப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் கருவிகளை வைத்து, 1965-இல் நியூட்ரினோ என்னும் துகளின் தடத்தைக் கண்டார்கள். பூமி உருண்டையையே தடையின்றி ஊடுருவிப் போய்விடும் துகள் அது. எடை இருந்தும் இல்லாததுபோல. அதைப் பிடித்த ஊர் இது. அதே ஊரில், மேசையின் முன்னால் அறுபத்தைந்து கிலோ எடையோடு நிற்கும் என் தந்தையைக் கருவி பிடிக்கவில்லை.

இவ்விடத்தில் நான் இயந்திரத்தைத் திட்டி, நீங்கள் கைதட்ட, இறங்கிப் போய்விடலாம். ஆனால் அன்றிரவு உறக்கம் வராததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை என் சன்னலில் கணினி நின்றுவிட்டது. முன்னால் நாற்பது பேர் இருப்பார்கள். வண்டி வரப் பத்து நிமிடம். கையால் எழுதிக் கொடுக்கும் சீட்டுப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்தால் எழுத வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்றேன். அந்த மூன்று சொற்களின் சுகம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பொய்யும் அன்று, பொறுப்பும் இல்லை. துணிச்சல்காரர் சீட்டின்றி ஏறினார்கள். ஒரு பாட்டி மட்டும் ஏறவில்லை. சீட்டில்லாமல் ஏறுவது தவறு என்று எண்ணுகிற தலைமுறை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் மகள் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாளாம். அடுத்த வண்டிவரை சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டியை நிறுத்தியது கணினி அன்று. ஆகவே அப்பாவின் முன்னால் கணினியை மட்டுமே பார்த்துப் பேசிய இளைஞர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; அடையாளம் தெரிந்தது.

இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே சீட்டு எடுக்கிறார்கள். அந்தச் செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று என் சன்னலுக்கே வந்து கேட்கிறார்கள். நானும் சொல்லிக்கொடுக்கிறேன். தான் அமர்ந்த கிளையை வெட்டியவன் கதை நமக்குத் தெரியும். வெட்டுவது எப்படி என்று வகுப்பு எடுத்தவன் நான் ஒருவனே.

அப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். ரேகை இல்லாவிட்டால் முகம் போதும் என்று ஒரு வழி 2021 முதல் வந்திருக்கிறது. என் மகள்தான் கண்டுபிடித்தாள். வீட்டுக் கூடத்தில் அப்பாவை வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கைப்பேசியை நீட்டி, "தாத்தா, கண் சிமிட்டுங்கள்" என்றாள். உயிருள்ள முகந்தானா, புகைப்படமா என்று அது சோதிக்கிறதாம். அப்பா விறைத்துப்போனார். "உங்க பாட்டியப் பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் கண்ணச் சிமிட்டல" என்றார். "அது உண்மைதான்" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மூன்றாம் முறை சிமிட்டினார். பச்சை விளக்கு.

கட்டைவிரலை எதிர்த்து நின்றவரின் மகன் முகத்தைக் கொடுத்துவிட்டாரே என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பாட்டனார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அப்பாவிடமே கேட்டேன். "அவருக்கு அன்னிக்கு வேல இருந்தது, நிறுத்தறதுக்கு. எனக்கு என்ன இருக்குது, நிறுத்த?" என்றார்.

எப்படியோ, அவர் உயிரோடிருப்பதை மேலிடம் இன்னும் ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வரிசையில், தூணை ஒட்டி அமர்ந்திருக்கிறார். ஐயமுள்ளவர்கள் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். விடியற்காலை வண்டிக்குப் போகவேண்டியவர்கள் கொட்டாவி விடுவது இங்கிருந்தே தெரிகிறது.